பெற்ற வயிறும் வளர்த்த கையும்

பிறர் பெற்ற பிள்ளையை எடுத்துத் தம் பிள்ளையாய் வளர்ப்போர் நம் ஊர்களில் எக்காலத்தும் இருந்து வந்துள்ளனர். ஆயினும் அவர்தம் அகவாழ்க்கையைத் தமிழ்க் கதைகளும் நாடகங்களும் தொட்டது மிகக் குறைவு. தொட்ட இடத்திலும் அதை ஒரு கதை முடிச்சாகவே பயன்படுத்தின. கைமச்சத்தையோ கழுத்துப் பதக்கத்தையோ கண்டு கடைசிக் காட்சியில் தாய் மகனை அறிவாள், கட்டித் தழுவிக் கண்ணீர் வடிப்பார்கள், திரை விழும். அந்தப் பிள்ளை மறுநாள் காலையில் எந்த வீட்டில் கண் விழித்தது, வளர்த்தவளை என்ன சொல்லி அழைத்தது என்று எவரும் கேட்டதில்லை.

2002-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்னும் திரைப்படம் இம்மரபைத் தலைகீழாக்கியது. பிறர் இறுதிவரை பொத்தி வைத்த உண்மையை அது தொடக்கத்திலேயே உடைத்துவிடுகிறது. உடைந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதே கதை.

திரைப்படத்தைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொழுதுபோக்கைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. எத்தீம் பிள்ளையின் உள்ளத்தைப் பற்றித் தமிழில் எழுந்த ஆக்கங்களுள் குறிப்பிடத்தக்க ஒன்றை, ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் மதிப்பிட முயல்கிறோம். மேலும், திருச்சியிலிருந்து கரூர் செல்லும் வழியில், காவிரியின் தென்கரையிலுள்ள ஜீயபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதும் நமக்கு இப்படம் அத்தனை தொலைவானதுமன்று. இதற்கு உரையாடல் எழுதிய சுஜாதா நம் அண்டையூராகிய ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். கதையின் வேராகிய ஈழத்து அகதிகளோ திருச்சி நகரையொட்டிய கொட்டப்பட்டு முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து வருபவர்கள்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் சியாமா என்னும் பெண்ணுக்கும் திலீபனுக்கும் திருமணம் நடக்கிறது. கணவன் ஆயுதப் போராட்டத்துக்குச் சென்றுவிட, கருவுற்ற சியாமா படகேறி இராமேசுவரம் வந்து சேர்கிறாள். முகாமில் ஒரு பெண்குழந்தை பிறக்கிறது. கணவன் காயமுற்றான் என்று கேள்வியுற்றுக் குழந்தையை விட்டுவிட்டுத் தாய்நாடு திரும்புகிறாள். அக்குழந்தையைத் திருச்செல்வனும் இந்திராவும் எடுத்து ‘அமுதா’ என வளர்க்கின்றனர். அவளுக்குப் பின் அவர்களுக்கு இரு மகன்கள் பிறக்கின்றனர். அமுதாவின் ஒன்பதாம் பிறந்தநாளில் பெற்றோர் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகின்றனர். அதன்பின் அச்சிறுமி வீட்டைவிட்டு இராமேசுவரத்துக்கே ஓடுகிறாள். இறுதியில் பெற்றோரே அவளை அழைத்துக்கொண்டு, போர் நடக்கும் நாட்டில் அவளைப் பெற்றவளைத் தேடிப் புறப்படுகின்றனர். ஆறு தேசிய விருதுகளைப் பெற்ற படம் இது. அமுதாவாக நடித்த சிறுமிக்குக் கிடைத்த விருது அவற்றுள் ஒன்று. அது தகும். தன் துயரத்தை அழுகையாகக் காட்டாமல் பிடிவாதமாகக் காட்டியிருக்கிறாள் அச்சிறுமி. பிள்ளைகளோடு பழகியவர்கள் அப்பிடிவாதத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

திருச்செல்வன் ஒரு பொறியாளன். மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு கதை எழுதுபவன். ரங்கராஜன் என்னும் பொறியாளர் தம் துணைவியார் பெயரில் ‘சுஜாதா’ ஆனதை அறிந்தவர்கள் இவ்விடத்தில் புன்முறுவல் பூப்பர். ஆனால் இதில் வேடிக்கைக்கு மேல் ஒன்றுண்டு. திருச்செல்வன் முகாமில் குழந்தையைக் கண்டதும் முதலில் அதைக் கதையாக எழுதுகிறான். வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் பின்னரே வருகிறது. அகதியின் பிள்ளை அவனுக்கு முதலில் எழுதுபொருள், பிறகுதான் மகள். இதைப் படம் கண்டிக்கவில்லை, ஒளிக்கவுமில்லை. எடுத்து வளர்க்கும் எண்ணத்தில் இரக்கத்தோடு ஒரு துளி தற்பெருமையும் கலந்திருக்கக்கூடும் என்பதை இதைவிட மென்மையாகச் சொல்லிவிட முடியாது.

மணமாகாதவனுக்குக் குழந்தையைத் தர இயலாது என்று மறுக்கப்படவே, அவன் இந்திராவை மணக்கிறான். இது கதைக்கு வேண்டிய ஏற்பாடே ஒழியச் சட்டத்தின் கட்டாயம் அன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் மணமாகாத ஆணும் தத்தெடுக்க இடம் தருகிறது. எடுப்பது பெண்குழந்தையாயின் இருவருக்கும் இடையே 21 வயது வேறுபாடு வேண்டும் என்பதே நிபந்தனை. போகட்டும், அந்த ஏற்பாட்டினால்தான் படத்தின் மிகச் சிறந்த பாத்திரம் நமக்குக் கிடைத்தது. இந்திரா ஒரு குழந்தைக்குத் தாயாகும்பொருட்டு ஒருவனுக்கு மனைவியானவள். ஊர்வழக்கின் வரிசை அவளிடம் மாறிவிட்டது. தாய்மை முதலில் வந்தது. இல்லறம் அதன் பின்னால் வந்தது. ஆகவே அமுதா அவளைவிட்டு விலகும்போது அவளுக்கு மகளை மட்டுமன்று, தன் இல்வாழ்வின் அடிக்கல்லையே இழப்பது போலாகிறது. தந்தையிடம் காட்டாத சினத்தைச் சிறுமி தாயிடமே காட்டுகிறாள். காரணம் வெளிப்படை: காணாமற்போனது ஒரு தாய், அந்த இடத்தில் நிற்பவளும் ஒரு தாய். இந்திராவாக நடித்த சிம்ரன் இவ்வச்சத்தைப் பேச்சில் காட்டவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதிலும் தலை வாரிவிடக் கை நீட்டுவதிலும் காட்டுகிறார். தந்தையின் பாத்திரம் இதன்முன் வெளிறித்தான் போகிறது.

இனி, நம் நெஞ்சைத் தொட்ட இடத்துக்கு வருவோம். உண்மையைச் சொல்லலாமா, கூடாதா? சொல்வதாயின் எப்போது?

நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில் பல ஆண்டுகளுக்கு முன் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தார்கள். பதிவேட்டில் தந்தையின் பெயர் எழுதும் இடத்தில், அழைத்து வந்தவர் தம் பெயரைச் சொன்னார். எழுதினோம். அவன் அவருடைய மனைவி வழியில் தூரத்து உறவினர் ஒருவரின் பிள்ளை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தெரியாதவன் அவன் ஒருவனே. அவனுக்குப் பத்து வயதானபோது காவிரி மணலில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களுள் ஒருவன் சண்டையின் வேகத்தில் அதை அவன் முகத்தில் எறிந்துவிட்டான். மறுநாள் பாடம் முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. “ஹஜ்ரத், எங்க அத்தா யாரு?” என்றான். வீட்டில் கேட்கவேண்டிய கேள்வியை நம்மிடம் கேட்டான். வீட்டில் கேட்டால் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அந்தப் பிள்ளைக்கு. அவனை அழைத்துக்கொண்டு போய், வளர்த்தவரின் வாயாலேயே சொல்லவைத்தோம். அவர் அழுதார். பையன் அழவில்லை. பெற்றவருக்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்டான். அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அமுதாவின் பெற்றோர் ஒருவகையில் மேலானவர்கள். வேறெவரும் எறிவதற்கு முன் தாங்களே சொன்னார்கள். இப்படத்தின் முதல் வெற்றி இதுவே என்பது நம் கருத்து. வளர்ப்புப் பிள்ளைக்குத் தன் பிறப்பின் உண்மை ஒரு கடனாகக் கொடுக்கப்பட வேண்டியது. அதை மறைத்துவைக்கும் உரிமை வளர்த்தவருக்கு இல்லை என்பதை இப்படம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கொடுத்த முறையில் நமக்கு உடன்பாடில்லை. ஒன்பதாம் பிறந்தநாள் எனத் தேதி குறித்துச் சொல்லுகிறார்கள். பிள்ளையின் கணக்கில் அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளும் பொய்யாகிவிடுகின்றன. தன் பெயரை என்று அறிந்தோம் என நம்மில் எவருக்கும் நினைவில்லை; அதுபோல நினைவுக்கு முற்பட்டதாக இருக்கவேண்டும் இவ்வறிவும். தாலாட்டிலேயே சொல்லத் தொடங்கவேண்டியதைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால் அது இடியாகத்தான் இறங்கும். கதைக்கு அவ்விடி தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனால் படம் அதைப் பெற்றோரின் பிழையாக எங்கும் காட்டவில்லையே. உரிய வயதில் உரியதைச் செய்தார்கள் என்னும் தொனியிலன்றோ காட்டுகிறது! நம் வருத்தம் அதுதான்.

இவ்விடத்தில் நம் வாசகர்க்கு ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வராமல் இராது. வடக்கே கல்பு குலத்தில் பிறந்த சிறுவர் அவர். தாயோடு அவளுடைய குலத்தாரைக் காணச் சென்றபோது கொள்ளைக் கூட்டத்தாரால் கவரப்பட்டு, உக்காள் சந்தையில் விற்கப்பட்டார். ஹகீம் இப்னு ஹிஸாம் வாங்கித் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களுக்கு அளித்தார். அன்னையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அளித்தார்கள். மகனை இழந்த ஹாரிஸா ஆண்டுக்கணக்காகத் தேடினார். பாட்டாகப் புனைந்து புலம்பினார். முடிவில் மகன் மக்காவில் இருப்பதை அறிந்து, தம் உடன்பிறந்தாரோடு மீட்புப் பணம் கொண்டு வந்தார். பணம் வேண்டாம், முடிவைப் பிள்ளையிடமே விடுவோம் என்றார்கள் பெருமானார். தந்தை ஒருபுறம், வளர்த்தவர் ஒருபுறம் நிற்க, ஜைது வளர்த்தவரைத் தேர்ந்தார். அதன்பின் பெருமானார் அவரைத் தம் மகன் எனக் கஃபாவினருகே அறிவிக்க, மக்கள் அவரை ‘ஜைது இப்னு முஹம்மது’ என்றழைக்கலாயினர்.

இங்கே கதை முடிந்திருந்தால் அது இப்படத்தின் கதையேதான். ஆனால் முடியவில்லை. பல ஆண்டுகள் சென்றபின் மதீனாவில் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5-ஆம் வசனங்கள் இறங்கின. வாயால் மகன் என்பதால் ஒருவர் மகனாகிவிடுவதில்லை. வளர்ப்பு மக்களை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழையுங்கள். தந்தையர் யாரென அறியாவிடில் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள், உங்கள் நேசர்கள் என்பது அவற்றின் கருத்து. ஜைது மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். அன்பு குறைந்ததா? இறைத்தூதரின் நேசத்துக்குரியவர் என்றே அவர் வழங்கப்பெற்றார்; அவர் மகன் உஸாமாவும் அப்பெயருக்குரியவரானார். தோழர்களுள் எவர் பெயரும் இடம்பெறாத திருமறையில் ஜைதின் பெயர் மட்டும் இடம்பெற்றது. பெருமைமிக்க ஒரு பெயரை இழந்தவருக்கு அது ஈடாக வந்தது என உலமாக்கள் நயம் உரைப்பர்.

நம்மவருள் பலர் இவ்வசனங்களைக் காட்டி, எடுத்து வளர்ப்பதே கூடாது என்று பேசக் கேட்டிருக்கிறோம். விலக்கப்பட்டது வளர்ப்பதன்று, பிறப்பை மாற்றிச் சொல்வது. எத்தீமைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் தம்மோடு இரு விரல்கள்போல் நெருங்கியிருப்பார் என்று நவின்ற பெருமானார் தாமும் எத்தீமாகப் பிறந்து, ஹலீமாவின் மடியிலும் பாட்டனாரின் பாயிலும் பெரிய தந்தையின் வீட்டிலும் வளர்ந்தவர்கள். வாரிசுப் பங்கு வளர்ப்புப் பிள்ளைக்குத் தானாகச் சேராது. ஆயினும் வாழும்போதே ஹிபாவாகக் கொடுக்கவும், மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத்தாக எழுதவும் தடையில்லை. கைக்குழந்தைக்குப் பாலூட்டினால் மஹ்ரம் உறவும் உண்டாகும். நாட்டுச் சட்டத்திலும் 2014-இல் உச்சநீதிமன்றம் ஒரு தெளிவைத் தந்தது: சிறார் நீதிச் சட்டத்தின்வழி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம், தனிச் சட்டத்தைப் பின்பற்ற விரும்புவோரை அது கட்டாயப்படுத்துவதும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று எது தம் குடும்பத்துக்கு ஏற்றதென ஆலிம்களையும் வழக்கறிஞரையும் கலந்து முடிவு செய்வோர் நம்மில் இன்னும் சிலரே.

படத்துக்கு மீள்வோம். ஜைதின் வரலாற்றில் மூன்று செயல்கள் தனித்தனியே நிகழ்ந்தன. தந்தை தேடி வந்தார், பிள்ளை தேர்ந்தெடுத்தது, பெயர் திரும்பியது. அமுதாவின் கதையில் தேடிப்போவது பிள்ளை. தேர்ந்தெடுப்பதும் ஓரளவு பிள்ளையே. பெயர் மட்டும் பேசப்படவே இல்லை. பெற்ற தந்தையின் பெயரை அறிந்தபின் அவள் தன் பெயரோடு எதைச் சேர்த்து எழுதுவாள்? நம் மக்தபுச் சிறுவன் முதலில் கேட்டது அதைத்தான். நுட்பங்கள் பல அறிந்த சுஜாதாவின் பேனா இதைத் தொடாமற் போனது வியப்பே.

படத்தின் பெயர் பாரதியாரின் கண்ணம்மா பாட்டிலிருந்து வந்தது. அங்கே முத்தமிடுவது பெற்றவன், களிப்பதும் அவனே. பிள்ளை என்ன நினைத்தது என்பது அப்பாட்டின் பொருளன்று. படத்திலோ முத்தம் சிறுமியின் கையிருப்பு. வேண்டும்போது கொடுப்பாள், சினந்தால் நிறுத்திவைப்பாள். இறுதியில் அதை யாருக்குக் கொடுக்கிறாள் என்பதே கதையின் தீர்ப்பு. பழைய சொல்லொன்றை எடுத்து இப்படித் திசை திருப்பியது நல்ல கவியுள்ளத்தின் செயல்.

அவ்விறுதிக் காட்சியைக் காண்போம். ஒரு பூங்காவில் சியாமா வருகிறாள். அமுதா சேர்த்துவைத்த வினாக்களை ஒவ்வொன்றாய்க் கேட்கிறாள். தந்தை யார்? ஏன் விட்டுப் போனாய்? எங்களோடு வந்துவிடக் கூடாதா? சியாமா பெரும்பாலும் அழுகிறாள். இந்த மண்ணில் அமைதி வரும். அப்போது வா என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அமுதா இந்திராவிடம் திரும்புகிறாள், மழை பெய்கிறது.

இக்காட்சியின் நேர்மையை மதிக்கிறோம். வினாக்களுக்கு விடை கிடைக்கவில்லை. விடை போன்ற எதையும் கற்பித்துப் பிள்ளையை ஏமாற்றவும் இல்லை. ஆனால் இதற்குள் ஒரு சாய்வும் உண்டு. படம் முழுவதும் வளர்த்தவளின் நெஞ்சுக்குள் நம்மை நடமாட விட்ட இயக்குநர், பெற்றவளின் நெஞ்சை வாயிலோடு நிறுத்திவிட்டார். சியாமா விட்டுச்சென்ற அந்த நாளில் அவளுக்கு என்ன நேர்ந்தது? பால் கட்டிய மார்போடு படகில் திரும்பிய பெண் என்ன நினைத்தாள்? ஒன்பது ஆண்டுகளில் ஒரு பிறந்தநாளையேனும் எண்ணினாளா? நந்திதா தாஸின் கண்கள் ஏதோ சொல்ல முயல்கின்றன. கதை அவருக்குச் சொல் கொடுக்கவில்லை.

தமிழுக்கு இது தெரியாத கலையன்று. யசோதையின் வாயிலாகப் பெரியாழ்வார் பாடியதைப் பிள்ளைத்தமிழின் தோற்றுவாய் என்பர். ஆகவே அவ்வகை இலக்கியத்தின் முதற்குரலே ஒரு வளர்ப்புத் தாயின் குரல்! அதற்கு எதிர்முகமாகக் குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் தேவகிக்குத் தந்தார். பிள்ளையின் மழலையையும் தளர்நடையையும் காணாமற்போன பெற்றவளின் ஏக்கமே அதன் பொருள். ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் அதை நமக்குப் பாடம் சொன்னபோது, கஸஸ் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் அன்னையைப் பற்றிய பகுதியை நாம் அவருக்குப் பொருள் சொன்னோம். ஆற்றில் விட்ட பிள்ளையை எண்ணி அத்தாயின் உள்ளம் வெறுமையாயிற்று என்றும், இறைவன் அவள் உள்ளத்தை உறுதிப்படுத்தியிராவிடில் உண்மையை வெளியிட்டிருப்பாள் என்றும் வருமிடம் அது. ஃபிர்அவ்னின் மனைவி அக்குழந்தையை மகனாக்கிக்கொள்ளலாம் என்று கூறுவதை ஒரு வசனத்தில் உரைத்த திருமறை, பெற்றவளின் வெறுமையை அடுத்த வசனத்திலேயே உரைக்கிறது. எடுத்துக்கொண்டவளும் இழந்தவளும் அங்கே அடுத்தடுத்து நிற்கிறார்கள். யூசுப் நபி (அலை) அவர்களை எகிப்தியர் விலைக்கு வாங்கும் இடத்திலும் மகனாக்கிக்கொள்ளும் அதே சொற்றொடர் வருகிறது. அதே அத்தியாயத்தில் யாகூப் நபியின் கண்கள் துயரத்தால் வெளுத்ததும் வருகிறது. இந்த அடுத்தடுத்த நிலையைத்தான் நாம் படத்தில் தேடினோம்.

இது கலை நயம் பற்றிய குறை மட்டுமன்று. பெற்றவளின் வாய் கட்டப்பட்டால் நடைமுறையில் என்னவெல்லாம் நேரும் என்பதற்கு அதே இலங்கையிலிருந்து சான்று உண்டு. 1970-களிலிருந்து 1990-களின் தொடக்கம்வரை அந்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்தாகச் சென்ற குழந்தைகள் 11,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டுள்ளனர். நெதர்லாந்தில் வளர்ந்த அவர்களுட் சிலர் வயது வந்தபின், ஆவணத்தில் கண்ட பெயரைப் பற்றிக்கொண்டு தாயைத் தேடி வந்தனர். பலருக்கு அப்பெயரே பொய்யாயிருந்தது. குழந்தையை ஒப்படைக்கும்போது தாய்போல் நடிக்கக் கூலிக்குப் பெண்களை நிறுத்தியிருந்தார்கள்! மருத்துவமனையில் குழந்தை இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட தாய்மாரும் இருந்தனர். 2017-இல் டச்சுத் தொலைக்காட்சி ஒன்று இதை வெளிக்கொணர்ந்தது. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு அமைத்த குழுவின் அறிக்கை வெளிவந்ததும், அந்நாடு அயல்நாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. நம் சென்னையிலும் தெருவோரத்தில் உறங்கிய ஏழைகளின் பிள்ளைகள் கடத்தப்பட்டு, தத்து என்ற பெயரில் கடல்கடந்து அனுப்பப்பட்ட கொடுமை 2005-இல் வெளிப்பட்டது. வாங்கிச் சென்ற பெற்றோருள் மிகப் பலர் இந்திராவைப்போல நல்லவர்களே. அவர்கள் அன்பு மெய். கையிலிருந்த காகிதம் பொய். அமுதாவுக்கு மாங்குளம் என்ற ஊர்ப்பெயரேனும் கிடைத்தது. தேடிப்போனவளுக்கு உண்மையான தாயே எதிரில் வந்து நின்றாள். அந்த நற்பேறு எத்தனை அரியது என்பதை இன்று அறிந்தபின் அக்காட்சியைக் காண்பவர், 2002-இல் கண்டவரைவிடச் சற்றே நடுங்கித்தான் காணமுடியும்.

சில சிறு குறைகளையும் சொல்லவேண்டும். ஈழத்து மாந்தரின் பேச்சு படத்தில் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு வாக்கியம் யாழ்ப்பாணம் போகிறது, அடுத்தது மதராசுக்கே திரும்பிவிடுகிறது. கொட்டப்பட்டிலிருந்து வந்து பழகியவர்களின் பேச்சைக் கேட்ட செவிக்கு இது உறுத்துகிறது. மாங்குளத்து மக்கள் ஊரைவிட்டு மூட்டை முடிச்சோடு வெளியேறும் காட்சி உள்ளத்தை உலுக்குவது. ஆயினும், அதே வடமாகாணத்திலிருந்து 1990 அக்டோபரில் முஸ்லிம் மக்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டார்கள் என்பதும், யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே என்பதும் அக்காட்சியின்போது நம் நினைவில் எழுந்தன. ஒரு படம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று கேட்பது நியாயமன்று. அவ்வழியிலும் கைக்குழந்தைகளோடு நடந்த தாய்மார் இருந்தார்கள் என்று சொல்லிவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். சிங்கள மருத்துவர் விக்கிரமசிங்கவை நண்பராகவும் வழிகாட்டியாகவும் படைத்திருப்பது பாராட்டத்தக்கது. பிரகாஷ்ராஜ் அதை மிகையின்றிச் செய்திருக்கிறார். காட்டுக்குள் போராளிகளிடம் அகப்பட்ட திருச்செல்வன் தமிழ்க் கவிதை சொல்லித் தப்பும் இடமோ, எழுத்தாளர்கள் தம்மைப்பற்றி வைத்திருக்கும் ஆசை. தோட்டாவுக்குக் கவிதை புரிந்திருந்தால் அந்நாட்டின் வரலாறே வேறாயிருக்கும்.

படம் வெளிவந்து எட்டு நாட்களில், 2002 பிப்ரவரி 22-இல், இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். சியாமா சொன்ன அமைதி வந்துவிட்டது என்று அப்போது திரையரங்கில் எண்ணியவர்கள் இருந்திருப்பர். அது நிலைக்கவில்லை; 2009 மே மாதம் போர் முடிந்தபோது மாங்குளத்தைச் சுற்றியிருந்த வன்னி நிலம் எப்படியிருந்தது என்பதை உலகம் கண்டது. அமுதா மெய்யான பெண்ணாயிருந்தால் இன்று முப்பதைக் கடந்திருப்பாள்.

இன்னொன்றும் நம்மை விடாது உறுத்துகிறது. அமுதாவை நாம் அயல்நாட்டுப் பிள்ளை என்கிறோம். அவள் பிறந்ததோ இராமேசுவரத்தில், பிறந்தபின் ஒன்பது ஆண்டுகள்வரை கடலைக் கடந்தவளல்லள், தாய்மொழி தமிழ். பின் எதனால் அயலாள்? 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இந்திய மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்று சட்டம் திருத்தப்பட்டதே காரணம். இலங்கைக்குப் புறப்படும் அக்குடும்பம் அமுதாவுக்கு எந்தக் கடவுச்சீட்டை எடுத்துச் சென்றது என்று படம் சொல்வதில்லை. 2021-இல் தமிழக அரசு அகதி முகாம்கள் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்றாக்கியது. 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் பிறந்த ஒரு பெண்ணை இந்தியக் குடிமகள் என ஏற்று, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. அவர் பிறந்தது அந்த ஜூலை முதல் நாளுக்கு முன்பு. படத்தின் கணக்குப்படி அமுதா பிறந்தது அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் பின்பு.